புலால் மறுத்தலும் இல்லறத்தார் உடல் நலமும்

ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவின் பெயராகவும் வழங்குதல் தமிழ்நாட்டிற் சைவத்திற்கு வாய்த்த தனிச் சிறப்பாகும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உண்டிச்சாலை வாயிலிற் 'சைவம்' என்றெழுதியிருப்பதைக் காண்போர் சிவபெருமானை நினைப்பதிலர். இறைச்சியில்லாச் சோறு அங்குக் கிடைக்கும் என்றே கொள்வர். அவ்வுணவு மனைவி மக்களோடு வாழ்வார்க்கு உடல்நலம் பயக்குமா என்னும் பழைய வினா, இக்காலத்து மேல்நாட்டினின்றும் புதிய வடிவில் வந்துளது. பால், தயிர், நெய், தேன் ஆகியவற்றையும் விலக்கி, நிலத்தில் விளைவனவற்றை மட்டுமே உண்ணும் 'வீகன்' நெறிக்கு 1944ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் டொனால்டு வாட்சன் முதலியோர் ஒரு கழகங் கண்டனர். சைவருட் சிலர் இந்நெறியைத் தம் நெறியாகவே கருதி, தம் முன்னோர் பல்லாயிரம் ஆண்டு இவ்வுணவாலேயே நோயின்றி வாழ்ந்தனர் என்று கூறி மகிழ்கின்றனர். இக்கூற்று வரலாற்றோடு பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

ஆராய்ச்சிக்குத் திண்டிவனம் விழுப்புரம் சூழ்ந்த நிலம் மிக ஏற்றது. செஞ்சிக்கு அணித்தாகிய திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையிற் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தியின் கல்வெட்டும் அங்குளது. மேல்சித்தாமூர் மடத்தைத் தலைமையாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் இப்பகுதியில் ஊன் உண்ணாது வாழ்கின்றன. மெய்கண்டதேவர் அருள்செய்த திருவெண்ணெய்நல்லூரும் இம்மாவட்டத்ததே. திண்டிவனத்திற்கும் புதுவைக்கும் இடையே மயிலத்தில் விளங்குவது வீரசைவ மரபினதாகிய பொம்மபுர ஆதீனம். அவ்வாதீனத்தோடு தொடர்புடைய சிவப்பிரகாசரின் தங்கையாரை மணந்து, பின்னர் இல்லறம் நீத்த சாந்தலிங்க அடிகள் 'கொலை மறுத்தல்' என்றே ஒரு தனிநூல் இயற்றினார். அதற்குத் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள் உரை வகுத்தார். உணவைப் பற்றிய வழக்கில் சமணரும் சைவரும் ஒருபக்கத்தே நின்ற நிலம் இது. ஏனையவற்றில் அவர் மாறுபட்டமை சிவஞானசித்தியார் பரபக்கம் கற்றார் அறிவர்.

இனி, ஊனை விலக்குதற்கு இப்பெரியோர் கூறிய காரணம் யாது? அருளே என்க. திருக்குறளிற் புலால் மறுத்தல் 26ஆம் அதிகாரம். அது துறவறவியலில் வைக்கப்பட்டது. உடல்நோய் பற்றிய மருந்து என்னும் அதிகாரமோ 95ஆவது. அது பொருட்பாலில் உளது. அளவறிந்துண்க, செரித்தபின் உண்க என்று அங்கே கூறும் நாயனார் ஊனைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லிற்றிலர். ஆகலின் ஊன் விலக்கு நோய் நீக்கத்தின்பொருட்டு அன்று என்பது அவ்வைப்பு முறையானே பெறப்படும். திருமந்திரம் முதற்றந்திரத்தில் கொல்லாமையும் புலால் மறுத்தலும் அடுத்தடுத்து நிற்பதும் இக்கருத்துப் பற்றியே. அற்றேல், கண்ணப்பர் ஊன் படைத்தது என்னை எனின், அஃது அன்பின் வரம்பிகந்த நிலையைக் காட்ட வந்ததன்றி ஏனையோர்க்கு உணவு விதி வகுக்க வந்ததன்று.

பின்னாளில் யாழ்ப்பாணத்து ஆறுமுகநாவலர் (1822–1879) புலாலுண்ணாமையைச் சைவ ஒழுக்கத்தின் இன்றியமையா உறுப்பாக வற்புறுத்தினார். மறைமலையடிகள் 1933இல் வெளியிட்ட 'மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை'யில் உணவையும் நீண்ட வாழ்நாளையும் இயைத்து விரித்தெழுதினார். அருளின்பாற்பட்ட விலக்கு மருத்துவத்தின்பாற்பட்ட விலக்காகவும் பேசப்பட்டது. அருளுக்குச் சான்று வேண்டா. மருத்துவத்திற்கோ சான்று வேண்டும். இவ்வேறுபாட்டைப் பலர் மறந்தனர்.

பாலை எடுத்துக்கொள்க. சைவ இல்லம் பாலில்லாது நடந்ததன்று. ஆனைந்து அபிடேகத்திற்குரியது, சண்டேசுர நாயனார் வரலாறு ஆவின் பாலோடே தொடங்குகின்றது. உபமன்னியு முனிவர் இளம்பருவத்திற் பாலுக்கு அழ, வறிய தாய் மாவை நீரிற் கரைத்துக் கொடுத்தனள் என்றும், மெய்ப்பாலின் சுவை அறிந்த பிள்ளை அதனை ஏலாது தவத்திற்கு எழுந்தது என்றும் மகாபாரதம் கூறும். ஆகவே, முன்னோர் நலமாக வாழ்ந்தனர் என்பது பாலோடு கூடிய மரக்கறியுணவிற்குச் சான்றாகலாமேயன்றிப் பாலும் நீத்த உணவிற்குச் சான்றாகாது.

அச்சான்றும் முழுமையானதன்று. அவ்வில்லங்களிற் பால் யார்க்குக் கிடைத்தது என்று வினவல் வேண்டும். கோயிலுக்குப் போக, விலைக்குப் போக, ஆடவர்க்குப் போக எஞ்சியதே வறிய வீட்டுத் தாய்க்கு வாய்த்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஜாதவ், வெப், பேக்கர் முதலிய மருத்துவர் தாய்ப்பாலே உண்டு வளர்ந்த சில குழந்தைகளிடத்து ஒரு நோயைக் கண்டு, 1962இல் 'லான்செட்' இதழில் எழுதினர். குழந்தைகள் சிரித்தலையும் அமர்தலையும் மறந்து சோர்ந்தன, கைகால் நடுங்கின, தோல் கறுத்தது. தாயரோ விலங்குணவு மிக அருகியவர். அவர்தம் பாலில் பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைந்திருந்தது. அச்சத்தைக் கொடுத்தபின் குழந்தைகள் தேறின. நிலத்து விளைவுகளில் இச்சத்து இல்லை. இது பிரித்தெடுக்கப்பட்டதே 1948இல்தான்; 1944இற் கழகங் கண்டவரும் இதனை அறியார்.

ஏனைய சத்துக்களுக்கு இந்நிலம் குறையுடையதன்று. திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் தோன்றிய நிலக்கடலை, எள் வகைகள் ஊர்ப்பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என நாடெங்கும் வழங்குவன. நிலக்கடலையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணச்சத்து. முருங்கைக்கீரையோ வேலிதோறும் உண்டு. மேல்நாட்டு அறிஞரோ இன்னும் ஒருமுகப்படவில்லை. அமெரிக்க உணவியல் வல்லுநர் கழகம் 2016இல், நன்கு திட்டமிட்ட வீகன் உணவு கருவுற்றார்க்கும் மகவுக்கும் ஏற்கும் என்றது. செருமானிய உணவூட்டக் கழகம் அதே ஆண்டில் அவர்க்கு அதனைப் பரிந்துரைத்திலது. அமெரிக்கக் கழகம் 2025இல் வெளியிட்ட அறிக்கை வளர்ந்தோரை மட்டுமே நோக்கியது.

அங்ஙனமாயிற் பாலை விடாதிருத்தலே அமையும் எனின், ஆண்டும் ஒரு தடை எழும். கன்று குடித்து மிஞ்சியதைக் கறந்த காலத்துப் பாலும் இக்காலத்து விலைப்பாலும் ஒன்றல்ல. ஏர் உழுதற்கு எருது வேண்டாதாயிற்று. ஆண்கன்று பெரும்பாலும் இறைச்சிக்கடைக்கே போகின்றது. தின்பார் இலராயின் விற்பாரும் இலர் என்று ஊன் கொள்வாரை நோக்கி வள்ளுவனார் நிகழ்த்திய வாதம், பால் கொள்வாரையும் ஓரளவு தொடாமற் போகாது. வீகன் நெறியினர் அருளின் பக்கத்தே நின்று இதனை வினவுவாராயின், சைவர் அவரை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று.

ஆயினும் நோன்பு கொள்வோன் வேறு. அவன் மகவு வேறு. தனுவும் கரணமும் உயிர் மலவிருளில் வழிகாண இறைவன் கொடுத்த விளக்கு என்பது சித்தாந்தம். பிறர் கையில் உள்ள விளக்கின் நெய்யைக் குறைக்க ஒருவன் நோன்பு அவனுக்கு உரிமை தாராது. பி12 மருந்து இக்காலத்து நுண்ணுயிர்களை வளர்த்தே செய்யப்படுகின்றது. விலங்கைக் கொல்வதுமில்லை, கறப்பதுமில்லை. நுண்ணுயிரும் உயிரன்றோ எனச் சமணர் வினவக்கூடும். உறைந்த தயிரிலும் அவை உள. பால் விலக்கத் துணிந்த இல்லறத்தான் கருவுற்ற மனைவிக்கும் பாலூட்டும் தாய்க்கும் குழந்தைக்கும் இம்மருந்தை மருத்துவர் சொற்படி தவறாது கொடுப்பானாயின், கொலை மறுத்தலும் கெடாது, மகவும் மெலியாது.