மூன்று பூட்டு போட்ட பணப்பெட்டி

நைஜர் என்றதும் யுரேனியமும் சஹாரா பாலைவனமும் பஞ்சமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஏழைகளின் சேமிப்பு வரலாற்றில் அந்த நாட்டுக்குத் தனி இடம் உண்டு. 1991-ல் அதன் தெற்கே மராடி பகுதியில், கேர் என்ற தொண்டு நிறுவனம் கிராமப் பெண்களுக்காக ஒரு சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஹவுசா மொழியில் அதன் பெயர் 'மாத்தா மாசு துபாரா'. சாமர்த்தியமுள்ள பெண்கள் என்று பொருள்.

அங்கே கம்பு அறுவடை முடிந்ததும் ஆண்கள் பலர் கூலி வேலைக்கு நைஜீரியா பக்கம் போய்விடுவார்கள். வீட்டைப் பார்ப்பது பெண்கள். வங்கி அவர்களை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 'தோன்தீன்' எனப்படும் சீட்டு முன்பே இருந்தது. ஆனால் அதில் முறை வந்தவருக்குத்தான் பணம். பிள்ளையின் காய்ச்சல் முறை பார்த்தா வரும்?

புதிய திட்டத்தில் பெண்கள் வாராவாரம் சிறு தொகை போட்டார்கள். சேர்ந்த பணம் அவர்களுக்கே கடனாகப் போனது. கடலை எண்ணெய் எடுத்து விற்க, ஆடு வாங்கி வளர்க்க, மருந்து வாங்க. மாதம் 10 சதவீதம் வரைகூட வட்டி உண்டு. கேட்டால் கந்துவட்டி என்றே தோன்றும். ஆனால் வட்டி கட்டியதும் அவர்கள்தான், ஒரு சுற்று முடிந்ததும் அதை லாபமாகப் பங்கிட்டுக் கொண்டதும் அவர்கள்தான். மூலதனம் என்று வெளியிலிருந்து ஒரு காசு வரவில்லை. திட்டத்தின் பலமே இதுதான். தானமாக வந்த பணத்தைத் திருப்பிக் கட்ட யாருக்கும் அவசரம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரியின் பணம் அப்படியல்ல.

பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று வெவ்வேறு பெண்களிடம் இருக்கும். எல்லோரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கணக்கு மனப்பாடம். குழுவே தணிக்கையாளர்!

இப்படிக் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டுப் பழகியவர்கள் அதோடு நிற்கவில்லை. தேர்தல் பதவிகளில் 10 சதவீதம் இடத்துக்கு வழிசெய்யும் சட்டம் நைஜரில் 2000-ல் வந்தது. 2004 உள்ளாட்சித் தேர்தலில் இந்தக் குழுப் பெண்கள் சிலர் போட்டியிட்டு உறுப்பினர்கள் ஆனார்கள்.

இந்த முறை பிறகு ஜிம்பாப்வே, உகாண்டா, தான்சானியா என்று பரவியது. ஆனால் வறுமை ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கானா, மலாவி, உகாண்டா நாடுகளில் நடந்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், பெண்களின் சிறுதொழிலும் வீட்டில் அவர்களது சொல்லுக்கு இருந்த மதிப்பும் உயர்ந்தது தெரிந்தது. குடும்பத்தின் சராசரிச் செலவு உயரவில்லை. மழை பொய்த்தால் ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே சமயத்தில் பணம் தேவைப்படும். ஒரு பெட்டி எத்தனை பேருக்குப் போதும்?