ஸ்ட்ரெப் தொண்டை அழற்சி

சங்கிலிபோல் கோத்து வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் என்னும் பாக்டீரியா தொண்டையிலும் டான்சிலிலும் உண்டாக்கும் இந்நோய், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளையே மிகுதியாகத் தாக்குகிறது. இருமல், தும்மலில் தெறிக்கும் நீர்த்துளிகளால் பரவுவதால், சேலையூர், தாம்பரம் போன்ற நெருக்கமான புறநகர்களின் வகுப்பறைகளில் எளிதில் தொற்றக்கூடியது. இருமலும் மூக்கொழுகலும் இன்றித் திடீர்க் காய்ச்சல், எச்சிலையும் விழுங்க முடியாத வலி, சிவந்த டான்சில்மேல் வெண்திட்டு, கழுத்தின் முன்புறம் தொட்டால் வலிக்கும் நெறிக்கட்டு ஆகியவை ஐயத்தை எழுப்பும். ஆனால் பெரும்பாலான தொண்டைவலிக்கு வைரஸே காரணமாகையால், பஞ்சுக்குச்சியால் தொண்டையில் எடுக்கும் மாதிரியைச் சோதித்தே இதை உறுதிசெய்ய இயலும்.

உப்புநீர்க் கொப்பளிப்பு வலியைத் தணிக்குமே தவிர, கிருமியை அழிக்காது. சிகிச்சை பெறாத சிலருக்கு, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் சொந்தத் திசுக்களையே தாக்குவதால், 2, 3 வாரங்களில் ருமாட்டிக் காய்ச்சல் தோன்றி, மூட்டுகளை வீங்கச் செய்வதோடு இதய வால்வுகளையும் நிலையாகச் சிதைத்துவிடலாம். தடுக்கக்கூடிய இக்கேடு இந்தியாவில் இன்னும் நீடிப்பது வேதனைக்குரியது. இதை ஆராய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஜெய் விஞ்ஞான் திட்டத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் பங்கேற்றது.

பெனிசிலின் அல்லது அமாக்சிசிலின் மாத்திரையே முதன்மை மருந்து. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார். நோய் தொடங்கி 9 நாள்களுக்குள் மருந்தை ஆரம்பித்தாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். காய்ச்சல் ஓரிரு நாளில் தணிந்தாலும், மாத்திரையை 10 நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும்.