அதே வேலை, வேறு ஆள்

பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச்செடுத்தால் உடனே வரும் யோசனை, "இருக்கிற ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துவிடலாமே" என்பதுதான். செலவு குறைவு. புதுப் பணியிடம் வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம். ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் வேறு என்னதான் செய்வது என்ற கேள்வியும் கூடவே வரும். இந்த யோசனையைப் பள்ளிக்கூடங்களிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு பிகாரில் நடந்திருக்கிறது. நம் ஊர்க் கூட்டங்களில் அதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

2015இல் நாளந்தா மாவட்டத்தின் 74 அரசுப் பள்ளிகளில் ‘சேஹர்’ திட்டம் தொடங்கியது. மனநல ஆய்வாளர் விக்ரம் படேலும் கோவாவில் இயங்கும் ‘சங்கத்’ அமைப்பும் அதன் பின்னணியில் இருந்தனர். எந்தப் பள்ளி எந்த வகை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளில், இந்த வேலைக்கென்றே பட்டதாரி ஒருவரை அமர்த்திப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் உளவியல் படித்தவர் அல்ல. அந்தப் பணியின் பெயர் ‘சேஹர் மித்ரா’. இன்னொரு பகுதியில் அதே வேலைகளை அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் செய்தார். மூன்றாவது பகுதியில் இரண்டும் இல்லை. அரசின் வாழ்க்கைத் திறன் வகுப்பான ‘தரங்’ மட்டும் எல்லாப் பள்ளிகளிலும் நடந்தது.

வேலைப் பட்டியலில் வித்தியாசமே கிடையாது. காலைக் கூட்டத்தில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், மனக்குறையை எழுதிப் போட ஒரு பெட்டி, மாணவர் குழு, தேவைப்படும் பிள்ளையுடன் தனியே உட்கார்ந்து பேசுவது. மாறியது ஆள் மட்டும்தான். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட வசதியான ஏற்பாடு அமையாது.

எட்டு மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அளந்தபோது கிடைத்த முடிவு 2018இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. சேஹர் மித்ரா இருந்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது. சக மாணவர்களின் சீண்டலும் வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியர்களோடு உள்ள உறவு, ‘இது என் பள்ளி’ என்ற உணர்வு, பள்ளி நிகழ்ச்சிகளில் பங்கெடுப்பது ஆகியவற்றை வைத்து அளந்த பள்ளிச் சூழல் கண்கூடாக மேம்பட்டிருந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளிலோ, ‘தரங்’ மட்டும் நடந்த பள்ளிகளோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இரண்டாம் ஆண்டு முடிவுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

இதைப் படித்துவிட்டு ஆசிரியர்களைக் குறை சொல்லக் கிளம்புவது எளிது, அது அநியாயமும்கூட. பாடம் முடிக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், கணக்கெடுப்புக்கும் தேர்தல் பணிக்கும் போக வேண்டும். தமிழ்நாட்டு ஆசிரியரைக் கேட்டால் ‘எமிஸ்’ இணையதளப் பதிவு என்று ஒரு பெருமூச்சு விடுவார். இத்தனைக்கும் நடுவில் சுவர்ப் பத்திரிகை கடைசி வரிசைக்குத்தான் போகும். மித்ராவுக்கு அதுவே முழு வேலை.

ஆனால் நேரமின்மை மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. மதிப்பெண் போடுபவர், அடிப்பவர் அல்லது அடிப்பவரின் பக்கத்து நாற்காலிக்காரர், வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்புபவர் என்று ஆசிரியர் பிள்ளையின் கண்ணுக்குப் பல வேடங்களில் தெரிகிறார். அந்தக் குறைப்பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் ‘மாணவர் மனசு’ என்ற பெயரில் பெட்டி வைத்தார்கள். பெட்டி நல்லதுதான். கணக்கு வாத்தியாரைப் பற்றி எழுதிப் போடும் சிறுமிக்கு ஒரே கேள்விதான் உண்டு: சாவி யார் கையில்? நாளந்தாவின் இரண்டு வகைப் பள்ளிகளிலும் பெட்டி இருந்தது. அதைத் திறக்கும் கைகள் வேறு.

ஐரோப்பாவில் 10 நாடுகளின் 168 பள்ளிகளில், 11,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடையே நடந்த ‘செய்லி’ ஆய்வும் (2015) ஏறத்தாழ நாளந்தாவின் முடிவையே காட்டியது. தற்கொலை அறிகுறிகளைக் கண்டுகொள்ள ஆசிரியர்களைப் பயிற்றுவித்த பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வெளியாட்கள் வந்து மாணவர்களோடு நேரடியாகப் பேசி, நடித்துக்காட்டச் சொல்லி நடத்திய பயிற்சியில், ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் ‘கவுன்சலிங்’ என்றதும் கதவு சாத்திய அறையைத்தான் நினைக்கிறோம். மித்ராவின் வேலையில் அது ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் முற்றத்திலும் வகுப்பறையிலும் நடந்தவை. தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 போன்ற உதவி எண்கள் தேவைதான். ஆனால் அவை கூப்பிடத் துணிந்த பிள்ளைக்கானவை. பள்ளியின் பேச்சு முறையே மாறினால் கூப்பிடாத பிள்ளைக்கும் அதன் பலன் போய்ச் சேரும்.

நாளந்தாவை அப்படியே எங்கும் பெயர்த்து நட முடியாது என்பதும் உண்மை. அது ஒரே மாவட்டம். வெளியார் நிதியும் மேற்பார்வையும் இருந்தன. சம்பளம் ஒழுங்காக வராத ஒப்பந்த ஊழியராக மித்ராவை மாற்றினால் இதே பலன் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தீவிர மனநோய் உள்ள பிள்ளையை அனுப்பி வைக்க, எட்டும் தூரத்தில் ஒரு மருத்துவமனையும் வேண்டும்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதியும் பயிற்சியும் பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றது. அதைவிடச் சிறியவை வெளியிலுள்ள மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். இதை நிறைவேற்ற மாநிலங்கள் பணியிடம் உருவாக்கலாம். அல்லது ஏதோ ஓர் ஆசிரியருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, ‘ஆலோசகர் (கூடுதல் பொறுப்பு)’ என்று ஆணை அடித்துக் கொடுக்கலாம். இரண்டாவது வழியை நாளந்தாவில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாயிற்று.