அறையிலிருந்து அறைக்கு: ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ திரைப்படத்தின் வரலாறு

1963ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் லண்டன் அலுவலகம் பீட்டில்ஸ் குழுவை வைத்து ஒரு படம் எடுக்க முன்வந்தபோது, அந்நிறுவனத்தார் கண்வைத்திருந்தது இசைத்தட்டு வருமானத்தின்மீதுதான். லிவர்பூலைச் சேர்ந்த அந்த நால்வரும் இஎம்ஐ என்னும் பிரித்தானிய இசைத்தட்டு நிறுவனத்தோடு செய்திருந்த ஒப்பந்தம் திரைப்படப் பாடல்களின் இசைத்தட்டு உரிமையைக் கட்டுப்படுத்தவில்லை என்பதைக் கண்டுகொண்ட யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதன் பாடல் தட்டு அமெரிக்காவில் விற்றுத் தீரும் என்று கணக்கிட்டது. அமெரிக்காவில் பீட்டில்ஸின் பெயரையே பெரும்பாலோர் கேட்டிராத காலம் அது; ஆகவே மூன்று படங்களுக்கான அந்த ஒப்பந்தத்தின் முதற்படத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் பவுண்டு மட்டுமே ஒதுக்கப்பட்டு, கறுப்பு வெள்ளையில் எடுத்தால் போதும் என்றும் முடிவாயிற்று. குழுவின் மேலாளர் பிரையன் எப்ஸ்டீன் லாபத்தில் ஏழரை விழுக்காட்டுக்குக் குறைந்து ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று கறாராகச் சொன்னதாகவும், எதிரே அமர்ந்திருந்தவர்கள் 25 விழுக்காடு வரை கொடுக்க அணியமாக வந்திருந்ததாகவும் தயாரிப்பாளர் வால்டர் ஷென்சனின் வாய்மொழி வழியே ஒரு செய்தி வழங்கிவருகிறது. பீட்டில்ஸ்மீதான மோகம் எத்தனை மாதம் நிற்கும் என்று எவருக்கும் தெரியாததால், 1964 ஜூலைக்குள் படம் திரையரங்குக்கு வந்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனையாக இருந்தது. அவசரத்தில், குறைந்த பணத்தில், நடிப்புப் பழக்கமே இல்லாத நான்கு இளைஞர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட இந்தச் சரக்கு அறுபது ஆண்டுகள் கடந்தும் ஏன் பழசாகவில்லை என்பது திரைப்பட வரலாற்றில் ஊன்றிக் கவனிக்க வேண்டிய கேள்வியாகும்.

ராக் இசையைத் திரைக்குக் கொண்டுவரும் வழக்கம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1956இல் வெளிவந்த ‘ராக் அரவுண்ட் த க்ளாக்’ படமும், அதன்பின் எல்விஸ் பிரெஸ்லி நடித்து வரிசையாக வந்த படங்களும், இங்கிலாந்தில் கிளிஃப் ரிச்சர்டின் ‘த யங் ஒன்ஸ்’, ‘சம்மர் ஹாலிடே’ ஆகியவையும் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டைப் பின்பற்றின: ஒரு மெல்லிய காதல் கதை, ஒரு விருந்து அல்லது பயணம், இடையிடையே கதையை நிறுத்திவைத்துக் கதாநாயகன் பாடும் பாடல்கள். பாடகர் வேறொரு பெயரில் வேறொரு தொழில் செய்பவராக வருவார். அவர் உண்மையில் யார் என்பது அரங்கிலுள்ள அனைவருக்கும் தெரிந்திருந்தும் திரையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. இத்தகைய படத்தில் தலைகாட்ட பீட்டில்ஸ் நால்வருக்கும் விருப்பமில்லை. அவர்கள் ரிச்சர்ட் லெஸ்டரை இயக்குநராக ஏற்றுக்கொண்டதற்கு இந்த வெறுப்பும் ஒரு காரணம்.

லெஸ்டர் 1932இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து, இருபதுகளிலேயே லண்டனுக்கு வந்து தொலைக்காட்சியிலும் விளம்பரப் படங்களிலும் கைதேர்ந்தவர். பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகன் ஆகியோருடன் 1959இல் அவர் எடுத்த ‘த ரன்னிங் ஜம்பிங் அண்ட் ஸ்டாண்டிங் ஸ்டில் ஃபிலிம்’ பதினொரு நிமிட அளவிலான, தொடர்பற்ற வேடிக்கைகளின் தொகுப்பு. ஒரு புல்வெளியில் சிலர் அபத்தமான காரியங்களில் மும்முரமாக ஈடுபட்டிருப்பார்கள், அவ்வளவுதான். செல்லர்ஸும் மில்லிகனும் பிபிசி வானொலியில் நடத்திய ‘த கூன் ஷோ’ என்னும் நகைச்சுவை நிகழ்ச்சி, தர்க்கத்தைத் தலைகீழாகப் புரட்டிப்போடும் கேலியால் போருக்குப் பிந்தைய தலைமுறையின் சிரிப்பையே மாற்றியமைத்தது. சிறுவயதில் அதைக் கேட்டு வளர்ந்தவர் ஜான் லென்னன். பீட்டில்ஸின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அதற்கு முன்பு செல்லர்ஸின் நகைச்சுவைத் தட்டுகளைத் தயாரித்தவரே. ஆகவே இந்தப் படத்தின் நகைச்சுவை வெளியிலிருந்து ஒட்டவைக்கப்பட்டதன்று; இயக்குநர், இசைஞர், பாடகர் ஆகிய மூவரும் ஒரே ஊற்றில் நீர் குடித்தவர்கள்.

திரைக்கதையை எழுத அழைக்கப்பட்ட ஆலன் ஓவன் வேல்ஸில் பிறந்து லிவர்பூலில் வளர்ந்தவர். ‘நோ டிராம்ஸ் டு லைம் ஸ்ட்ரீட்’ என்னும் தொலைக்காட்சி நாடகத்தால் அந்நகரத்து உழைக்கும் மக்களின் பேச்சைத் திரைக்குக் கொண்டுவந்தவர் என்று பெயர் பெற்றிருந்தார். 1963 நவம்பரில் குழு டப்ளினில் கச்சேரி செய்தபோது அவர் உடனிருந்து, விடுதி, கார், மேடை, மீண்டும் விடுதி என்று அந்த வாழ்க்கை சுழல்வதைக் கண்டார். ஸ்வீடன் பயணம் எப்படி இருந்தது என்று லெஸ்டர் கேட்டதற்கு, விமானத்தையும் காரையும் அறையையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்னும் பொருள்பட லென்னன் சொன்ன பதிலே படத்துக்கு வித்தாயிற்று. உலகமே காண ஏங்கும் நான்கு பேர் உலகத்தைக் காண முடியாமல் அடைபட்டிருக்கிறார்கள் என்னும் அந்த முரண்பாடு, பால் மெக்கார்ட்னியின் தாத்தாவாக வரும் வில்ஃப்ரிட் பிராம்பலின் வாயில் ஒரு முணுமுணுப்பாகப் படத்திலேயே வெளிப்படுகிறது: ஊர் மாறட்டும் என்று கிளம்பிவந்த தமக்கு இதுவரை வாய்த்தவை ரயிலும் அறையும், காரும் அறையும், அறையும் அறையும்தான் என்று கிழவர் குறைப்படுகிறார். படத்தின் நிலைபேற்றுக்கு இந்த அடைப்பே முதற்காரணம் எனலாம்; இளமையின் கொண்டாட்டம் என்று பொதுவாகப் புகழப்படும் இப்படத்தின் எலும்புக்கூடு ஒரு சிறையிருப்பின் கதையாகும்.

1964 மார்ச் 2ஆம் நாள் லண்டனின் பாடிங்டன் நிலையத்தில் நடிகர் சங்க உறுப்பினர்களாகப் பதிவுசெய்துகொண்ட கையோடு நால்வரும் வாடகைக்கு அமர்த்தப்பட்ட ரயிலில் ஏறினர். அந்த வாரம் முழுவதும் ஓடும் ரயிலிலேயே படப்பிடிப்பு நடந்தது. போலிப் பெட்டியை அரங்கத்தில் கட்டாமல் உண்மையான பெட்டியின் இடுக்கில் ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர் கருவியை வைத்ததால், முகங்கள் நெருங்கித் தெரிகின்றன, தோள்கள் இடிக்கின்றன, சன்னலுக்கு வெளியே வயல்கள் உண்மையாகவே ஓடுகின்றன. முதல் வகுப்புப் பெட்டியில் ஏறும் நடுத்தர வயதுக் கனவான் ஒருவர் சன்னலைத் தம் விருப்பப்படி மூடிவிட்டு, வாரத்தில் இருமுறை இதே ரயிலில் செல்லும் தமக்குள்ள உரிமையை எடுத்துச் சொல்லி, இவர்களைப் போன்றவர்களுக்காகத்தான் போரில் சண்டையிட்டதாகவும் குத்திக்காட்டுகிறார். வென்றதற்காக இப்போது வருந்துகிறீர்கள் போலும் என்று ரிங்கோ ஸ்டார் திருப்பிச் சொல்கிறார். நால்வரும் போர்க்காலத்தில் பிறந்தவர்கள். 1960இல் பிரிட்டன் கட்டாய ராணுவச் சேவைக்கு ஆளெடுப்பதை நிறுத்தியதால் சீருடை அணியாமல் தப்பிய முதல் தலைமுறையினர். அந்த விலக்கு இல்லாதிருந்தால் குழு வெவ்வேறு படைமுகாம்களில் சிதறியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த ஒரு நிமிடச் சச்சரவில் ஒரு நாட்டின் தலைமுறைக் கணக்கு முழுவதும் அடங்கியிருப்பது புலப்படும். காட்சி அத்தோடும் நிற்கவில்லை. பெட்டியை விட்டு வெளியேறியவர்கள் அடுத்த நொடியில் ஓடும் ரயிலுக்கு வெளியே, சன்னலோடு சன்னலாக ஓடிக்கொண்டே, தங்கள் பந்தைத் திருப்பித் தருமாறு அந்தக் கனவானிடம் கெஞ்சுகிறார்கள். நடக்கவே முடியாத இந்தச் செயலுக்குப் படம் எந்த விளக்கமும் தருவதில்லை.

பாடல்களைக் கையாண்ட முறையிலும் இதே துணிவு தெரிகிறது. ரயிலின் சரக்குப் பெட்டிக்குள் கம்பி வலைக்கு உட்புறம் நால்வரும் அமர்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் பாடல் தொடங்குகிறது. சில நொடிகளில் அதே இடத்தில் கிதார்களும் முரசும் வந்துவிடுகின்றன. பாடல் முடிந்ததும் மீண்டும் சீட்டுகளே இருக்கின்றன. வலைக்கு வெளியே பள்ளிச்சீருடையில் பார்த்துக்கொண்டு நிற்கும் பெண்களில் ஒருவரான பாட்டி பாய்ட் இரண்டு ஆண்டுகளுக்குள் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவியானார்.

‘கான்ட் பை மீ லவ்’ பாடல் வரும் இடமே படத்தின் உச்சம். தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான ஒத்திகை அரங்கில் காத்துக் கிடக்கும் நால்வரும் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியேற, கட்டடத்தின் புறத்தே இருக்கும் இரும்பு அவசரப் படிக்கட்டு அவர்களைக் கீழே திறந்த வெளிக்குக் கொண்டுசேர்க்கிறது. வெளியே வந்துவிட்டோம் என்று ரிங்கோ கூவியதும் பாடல் வெடித்துக் கிளம்புகிறது. திரையிலிருப்பவர் வாயசைக்காமல் ஒலிக்கும் பாட்டைத் தமிழில் அசரீரிப் பாட்டு என்று சொல்வதுண்டு; இங்கு நால்வரும் பாடுவதாகக்கூடக் காட்டாமல், பாட்டைத் தலைக்குமேல் ஓடவிட்டு, மைதானத்தில் குதிப்பதும் உருளுவதும் ஒருவரையொருவர் தள்ளிவிடுவதுமாக அவர்களை விட்டுவிடுகிறார் லெஸ்டர். சில துணுக்குகள் வேகம் கூட்டப்பட்டுள்ளன, சில மெதுவாக்கப்பட்டுள்ளன, சில ஹெலிகாப்டரிலிருந்து எடுக்கப்பட்டதால் மனிதர்கள் புல்மேல் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். பெரும்பகுதி லண்டனுக்கு மேற்கே ஐல்வொர்த்தில் உள்ள விளையாட்டுத் திடலில் படமாக்கப்பட்டது. லென்னன் தம் நூலுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட இலக்கிய விருந்துக்கு அன்று போய்விட்டதால் சில இடங்களில் மூவரையே காணலாம். அங்கு முதலில் ‘ஐ’ல் க்ரை இன்ஸ்டெட்’ என்னும் வேறொரு பாடலே வர வேண்டியிருந்தது. அது சோர்வாக இருப்பதாகக் கருதி லெஸ்டர் மாற்றினார். இந்த மாற்றத்தால்தான் அக்காட்சிக்கு அந்தப் பாய்ச்சல் கிட்டியது என்பதில் ஐயமில்லை. மழைக்கோட்டு அணிந்த ஒருவர் குறுக்கிட்டு இது தனியார் நிலம் என்று கண்டிப்பதோடு அந்தச் சில நிமிட விடுதலை முடிந்துவிடுகிறது. திடலின் உரிமையாளர் ஒருவர் எப்போதும் எங்கோ இருக்கிறார் என்பதைப் படம் மறக்கவில்லை.

தவறுகளைத் திருத்தாமல் விட்டதும் படத்துக்கு உயிரூட்டியது. தொடக்கத்தில் ரசிகைகள் துரத்த நால்வரும் மேரிலிபோன் நிலையத்தை ஒட்டிய பாஸ்டன் பிளேஸ் தெருவில் ஓடிவரும்போது ஹாரிசன் கால் இடறி விழ, அவர்மேல் ரிங்கோவும் விழுகிறார். முன்னே ஓடும் லென்னன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். எந்த ஒத்திகையிலும் இல்லாத அந்த வீழ்ச்சி அப்படியே படத்தில் இருக்கிறது. ‘அண்ட் ஐ லவ் ஹெர்’ பாடலில் ஒளிப்பதிவுக் கருவி மெக்கார்ட்னியின் முகத்தைச் சுற்றிவருகையில் பின்னிருக்கும் மேடைவிளக்கு நேரே வில்லைக்குள் பாய்ந்து, திரையே வெண்மையாகிறது. அக்காலத்து ஒளிப்பதிவு ஒழுங்கு அனுமதிக்காத செயல் அது. இறுதிக் கச்சேரியை மார்ச் 31 அன்று சார்லட் தெருவின் ஸ்காலா அரங்கில் ஒரே நேரத்தில் பல கருவிகளால் லெஸ்டர் பதிவுசெய்தார். கூலிக்கு அழைத்துவரப்பட்ட நூற்றுக்கணக்கான சிறார்களில் பின்னாளில் புகழ்பெற்ற பாடகர் ஃபில் காலின்ஸும் ஒருவர். மேடைக்கு ஈடாகக் கூட்டத்தின் முகங்களையும் கருவிகள் காட்டுகின்றன. அழுது அரற்றும் ஒரு பெண்ணின் முகத்தில் களிப்பு எங்கு முடிந்து வேதனை எங்கு தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல இயலாது.

நால்வரும் நடிகர்கள் அல்லர் என்பதால் ஓவன் அவர்களுக்குச் சிறுசிறு வாக்கியங்களையே கொடுத்தார். லென்னனுக்கு எகத்தாளம், ஹாரிசனுக்கு வறண்ட குத்தல், ரிங்கோவுக்கு ஏக்கம் என்று அவர் வகுத்த குணங்கள் பின்னர் நால்வரின் வாழ்நாள் முழுவதும் அவர்களோடு ஒட்டிக்கொண்டன. மெக்கார்ட்னிக்கென எடுக்கப்பட்ட தனிக்காட்சி வெட்டப்பட்டது. தேம்ஸ் நதிக்கரையில் தனியே திரியும் ரிங்கோவின் காட்சியோ விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. முந்தைய நாள் இரவு உறங்காமல் வந்ததால் ஏற்பட்ட அயர்ச்சியே அந்த நடிப்பு என்று அவரே சொல்லியிருக்கிறார். லிவர்பூல் உச்சரிப்பு அமெரிக்கர்களுக்கு விளங்காது, வேறு குரல் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு விநியோகத் தரப்பில் எழுந்து, குழுவின் மறுப்பால் அடங்கியது. அது நிறைவேறியிருந்தால் படத்தின் பாதி சிரிப்பு செத்திருக்கும்.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் பீட்டில்ஸ் பாடல்களே பிடித்திருந்தன. சிறு முதலீட்டுக் கணக்கெல்லாம் பொருளற்றுப்போயிருந்தது. ரிங்கோ வாய்தவறிச் சொன்ன ஒரு தொடரைத் தலைப்பாக்கி, லென்னன் ஓரிரவில் எழுதிவந்த தலைப்புப் பாடல் ஏப்ரல் 16 அன்று பதிவானது. ஜூலை 6 அன்று லண்டன் பெவிலியன் திரையரங்கில் இளவரசி மார்கரெட் முன்னிலையில் படம் வெளியானது. நான்கு நாள் கழித்து வந்த நெடுந்தட்டில், அதாவது பல பாடல்கள் கொண்ட பெரிய இசைத்தட்டில், 13 பாடல்களும் லென்னனும் மெக்கார்ட்னியும் எழுதியவை. நால்வரையும் திட்டிக்கொண்டே அரங்கிற்குப் போன விமர்சகர்கள் பலர் மனம் மாறித் திரும்பினர். திரைக்கதைக்காக ஓவனும் இசைக்காக மார்ட்டினும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றனர்.

படத்தின் செல்வாக்கு பல திசைகளில் பரவியது. ஹாரிசனின் கையிலிருந்த பன்னிரண்டு தந்தி ரிக்கன்பேக்கர் கிதாரைத் திரையில் கண்ட அமெரிக்க இசைஞர் ரோஜர் மெக்கின் அதே கிதாரை வாங்கி பேர்ட்ஸ் குழுவின் ஓசையை உருவாக்கினார். 1966இல் தொடங்கிய ‘த மங்கீஸ்’ தொலைக்காட்சித் தொடர் இப்படத்தின் நேரடி வார்ப்பு. 1980களின் இசைக் காணொளிகளுக்கும் இதையே மூலமாகச் சொல்வர். எனினும் பின்வந்தவர்கள் எடுத்துக்கொண்டது வெட்டொட்டு வேகத்தையும் குறும்பையும்தான். அடைப்பு இல்லாத இடத்தில் துள்ளல் வெறும் துள்ளலாகவே நின்றுவிட்டது. லெஸ்டரே அடுத்த ஆண்டு வண்ணத்தில் எடுத்த ‘ஹெல்ப்!’ ஆல்ப்ஸ் மலைக்கும் பகாமாஸ் தீவுகளுக்கும் போய்வந்தும் இந்த இறுக்கத்தை எட்டவில்லை. தங்கள் படத்தில் தாங்களே துணை நடிகர்களாகிவிட்டதாக லென்னன் குறைப்பட்டார்.

1982இல் மறுவெளியீடு செய்தபோது, விலக்கப்பட்ட ‘ஐ’ல் க்ரை இன்ஸ்டெட்’ பாடலை நிழற்படங்களோடு கோத்து ஒரு முன்னுரையாக ஒட்டினார்கள். ரயில் நிலையத்தை நோக்கிய அந்த முதல் ஓட்டத்தை மழுங்கடித்த அப்பகுதி பின்னர் நீக்கப்பட்டது நல்லதாயிற்று. 2014இல், ஐம்பதாம் ஆண்டையொட்டி, படம் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் அரங்குகளுக்கு வந்தது. படத்தின் முடிவில் கச்சேரி ஓய்ந்ததும் நால்வருக்கும் மூச்சுவிட நேரமில்லை. அடுத்த ஊர் நிகழ்ச்சிக்கு ஹெலிகாப்டர் காத்திருக்கிறது. 1964இல் அது வேடிக்கையான அவசரமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பாடி முடித்த கையோடு, அந்நால்வரும் பயணக் கச்சேரிகளை அடியோடு விட்டுவிட்டார்கள்.