தோள்மூட்டு மாற்று அறுவையில் கணினி வழிகாட்டல்

தேய்ந்தோ உடைந்தோ போன தோள்மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும்போது, அதை எலும்பில் எந்த இடத்தில், எந்தச் சாய்வில், எவ்வளவு ஆழத்தில் பொருத்த வேண்டும் என்பதை அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே திரையில் காட்டும் தொழில்நுட்பம் கணினி வழிகாட்டல் எனப்படுகிறது. மூளை, முதுகெலும்பு, முழங்கால் ஆகியவற்றுக்குப் பின்னரே இது தோளுக்கு வந்தது. தோள்மூட்டின் அமைப்பே இந்தத் தாமதத்துக்குப் பெரிய காரணம்.

தோற்றம்

பதிவாகியுள்ள முதல் செயற்கைத் தோள்மூட்டை 1893 இல் பாரிசில் ழூல் எமில் பெயான் பொருத்தினார். நோயாளி 37 வயது ரொட்டிக் கடைத் தொழிலாளி. காசநோய் அவரது மேற்கை எலும்பை அரித்திருந்தது. கையை வெட்டி எடுப்பதற்கு அவர் ஒப்பவில்லை. போர்ட்டர் மைக்கேல்ஸ் என்ற பல் மருத்துவர் பிளாட்டினத் தண்டும், பாரபினில் கொதிக்க வைத்துக் கடினமாக்கிய ரப்பர்ப் பந்தும் கொண்ட மூட்டு ஒன்றைச் செய்து கொடுத்தார். சீழ் அடங்காததால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் அதை அகற்ற வேண்டியதாயிற்று. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல்தான். ஆகவே தாம் வைத்த மூட்டு உள்ளே எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அறுவை செய்த நாளில் பார்க்க பெயானுக்கு வழியே இல்லை.

அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக இத்துறையில் பெரிய அசைவு இல்லை. நியூயார்க்கைச் சேர்ந்த சார்லஸ் நீர், உடைந்த எலும்புத் தலைக்குப் பதிலாக உலோகத் தலை வைத்த அனுபவத்தை 1955 இல் வெளியிட்டார். தலையோடு பிளாஸ்டிக் கிண்ணத்தையும் சேர்த்துப் பொருத்தும் முறையை 1974 இல் விவரித்தார். பிரான்சின் திஜோன் நகரில் பால் கிராமோன் 1985 இல் பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றினார். தோள்பட்டை எலும்பில் பந்து, மேற்கை எலும்பில் கிண்ணம் என்ற இந்தத் தலைகீழ் மூட்டு, சுழல் தசைநாண்கள் கிழிந்துபோனவர்களும் டெல்டாய்டு தசையின் வலுவைக் கொண்டே கையை உயர்த்த வழி செய்தது.

கிண்ணம் ஏன் சிக்கல்

இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆழமானது; பந்தைக் கவ்விப் பிடிக்கும். தோளின் கிண்ணமோ தட்டையானது. கிண்ணம் என்பதைவிடச் சிறு தட்டு என்பதே பொருந்தும். தென்னிந்திய உடற்கூறியல் துறைகளில் உலர்ந்த தோள்பட்டை எலும்புகளை அளந்த ஆய்வுகளில் அதன் உயரம் சுமார் 34 மில்லிமீட்டர், அகலம் சுமார் 23 மில்லிமீட்டர் என்ற அளவில் கிடைத்துள்ளது. பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம்கூட 23 மில்லிமீட்டர்தான். இந்தச் சிறு பரப்பில்தான் செயற்கைத் தளம் உட்கார வேண்டும். திருகுகளும் இறங்க வேண்டும்.

அறுவை மேசையில் மருத்துவருக்குத் தெரிவது இந்தத் தட்டின் முகம் மட்டுமே. தோள்பட்டை எலும்பின் மற்றப் பகுதி தசைக்குள் மறைந்து கிடக்கும். அதுவோ சில இடங்களில் ஒளியே ஊடுருவும் அளவுக்கு மெலிந்த எலும்பு. திருகு சற்றே திசை மாறினால் எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியேறும்; பின்புறம் ஓடும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டுத் தேய்வு உள்ளவர்களிடம் கிண்ணத்தின் பின்பக்கமே பெரும்பாலும் அதிகம் தேயும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் முகம் ஏற்கெனவே பின்னோக்கித் திரும்பியிருக்கும். அந்த முகத்தை நம்பித் துளையிட்டால் புதிய கிண்ணமும் அதே கோணலில் உட்காரும். கோணலாக உட்கார்ந்த கிண்ணம் ஒருபக்கப் பளுவால் நாளடைவில் தளர்கிறது. முழுத் தோள்மூட்டு மாற்று தோற்றுப்போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தத் தளர்வுதான். சி.டி. ஸ்கேனில் இந்தக் கோணத்தை அளக்கும் முறையை 1992 இல் ரிச்சர்டு பிரீட்மன் குழுவினர் கொடுத்தனர். தேய்வின் வடிவங்களை ஏ, பி, சி என்று வகைப்படுத்தி லியோன் நகரத்து ழில் வால்ஷ் குழு 1999 இல் வெளியிட்டது. நோயின் வடிவம் தெளிவானது. ஆனால் தாளில் அளந்த கோணத்தை அறுவை மேசையில் பிடிக்கக் கருவி இல்லை.

கோயம்புத்தூரின் முன்னோட்டம்

இதே சிக்கல் முதுகெலும்பிலும் உண்டு. அங்கும் மெல்லிய எலும்புக்குள், கண்ணால் காண முடியாத திசையில் திருகு இறக்க வேண்டும், பக்கத்தில் தண்டுவடம். முதுகு வளைந்த நோயாளிகளிடம் எலும்பின் வடிவமே மாறியிருப்பதால் இன்னும் கடினம். கணினி வழிகாட்டல் இங்கே உண்மையில் உதவுகிறதா என்ற கேள்விக்கு உலகளவில் கவனம் பெற்ற விடைகளில் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து கிடைத்தது.

கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை 1978 இல் தொடங்கப்பட்டது. அங்கு எஸ். ராஜசேகரன் தலைமையிலான குழு, முதுகு வளைவு கொண்ட 33 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வழக்கமான முறையிலும், மற்றதற்குக் கணினி வழிகாட்டலோடும் நெஞ்சுப் பகுதி முதுகெலும்புகளில் மொத்தம் 478 திருகுகள் பொருத்தப்பட்டன. 2007 இல் முடிவு வெளியானது. வழக்கமான முறையில் 54 திருகுகள் எலும்புச் சுவரைத் தாண்டியிருந்தன. அதாவது ஏறத்தாழ 23 விழுக்காடு. வழிகாட்டலோடு வைத்தவற்றில் 5 மட்டுமே. கணினி வந்தால் நேரம் வீணாகும் என்ற எண்ணத்துக்கு மாறாக, ஒரு திருகுக்கான நேரமும் குறைந்திருந்தது. நோயாளி அறுவை மேசையில் கிடக்கும் நிலையிலேயே முப்பரிமாணப் படம் எடுக்கும் எக்ஸ் கதிர்க் கருவி அங்குப் பயன்பட்டது ஒரு முக்கியமான வேறுபாடு. பழைய படத்துக்கும் இப்போதைய உடல்நிலைக்கும் இடையே பொருத்தம் தேடும் வேலை அதனால் குறைந்தது.

தோளுக்கு வந்த கதை

முழங்கால் மாற்றில் வழிகாட்டலின் பிறப்பிடம் பிரான்சின் கிரெனோபில் நகரம். 1997 சனவரியில் தொமினிக் சராகாலியா அங்கு முதல் முழங்கால் மாற்றைக் கணினித் துணையோடு செய்தார். தோளில் முறையான சோதனைகள் வர மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

செருமனியின் ஹைடெல்பெர்க் மருத்துவர்கள் 2009 இல் வெளியிட்ட ஒப்பீடு இவ்வகையில் படிக்கத்தக்கது. வழிகாட்டலோடு செய்த பிரிவில் கிண்ணத்தின் பின்சாய்வு சராசரியாக 15.4 பாகையிலிருந்து 3.7 பாகையாகத் திருத்தப்பட்டது. மற்றப் பிரிவில் 14.4 இலிருந்து 10.9 வரைதான் வந்தது. ஆனால் அறுவை நேரம் 138 நிமிடத்திலிருந்து ஏறத்தாழ 170 நிமிடமாக நீண்டது. தொழில்நுட்பக் கோளாறால் 6 நோயாளிகளிடம் வழிகாட்டலைப் பாதியில் கைவிட வேண்டியிருந்தது. தாங்கள் தடுமாறியதையும் மறைக்காமல் எழுதிய இந்த ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

2010களின் பிற்பகுதியில் பரவிய கருவிகள் வேறு வழியைப் பிடித்தன. அறுவைக்கு முன்பே சி.டி. ஸ்கேனிலிருந்து தோள்பட்டை எலும்பின் முப்பரிமாண உருவம் கணினியில் செய்யப்படும். அதில் மருத்துவர் செயற்கை மூட்டை வைத்துப் பார்த்து இடத்தை முடிவு செய்வார். அறுவையின்போது, கிண்ணத்துக்கு மேலே முன்னோக்கி வளைந்திருக்கும் காக்கை மூக்கு முனையில் ஒரு சிறு அடையாளக் கருவி திருகி நிறுத்தப்படும். எலும்பின் பல புள்ளிகளை ஊசிமுனையால் தொட்டுக் காட்டியதும், திரையில் உள்ள உருவமும் மேசையில் உள்ள எலும்பும் ஒன்றாகப் பொருத்தப்படும். பிறகு துளைப்பானின் ஒவ்வொரு அசைவும் பாகைக் கணக்கில் தெரியும். அடையாளக் கருவி தட்டுப்பட்டு நகர்ந்துவிட்டால் எல்லாம் பிழையாகும். முனை மெலிந்தவர்களுக்கு அது உடையும் ஆபத்தும் உண்டு. 2017 திசம்பரில் பாரிசுக்கு அருகே தோமா கிரெகோரி, நோயாளியின் எலும்பு உருவத்தைக் கண்ணாடித் திரையில் நேரடியாகக் காட்டும் தலைக்கருவி அணிந்து தோள்மூட்டு மாற்று செய்தார். 2024 பிப்ரவரியில் தோளுக்கான ரோபோ ஒன்றுக்கு அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.

வடசென்னையில்

புழல், மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மக்களுக்குப் பல தலைமுறைகளாகப் பெரிய அரசு மருத்துவமனை என்றால் அது இராயபுரம் பக்கத்து ஸ்டான்லிதான். ஆலை இயந்திரங்களில் சிக்கிய விரல்கள் வந்து சேர்ந்த இடமும் அதுவே. ஆர். வெங்கடசாமி அங்கு வளர்த்தெடுத்த கை அறுவைத் துறை நாடு முழுவதும் அறியப்பட்டது. விரல்நுனி சாய்வாகத் துண்டானால் அதை மூட அவரும் உடன் பணியாற்றியவரும் 1980 இல் வெளியிட்ட முக்கோண மடிப்பு முறை இன்றும் பாடநூல்களில் உள்ளது. கங்கா மருத்துவமனையின் கை அறுவை மருத்துவர் ராஜா சபாபதி பயின்ற இடமும் ஸ்டான்லியே.

தோள்காயத்தின் கதை இங்கு வேறு மாதிரி. மூட்டை தூக்குபவரோ, வண்டியிலிருந்து விழுந்தவரோ முதலில் போவது பெரும்பாலும் புத்தூர் கட்டுக்கு. எளிய முறிவுகள் கட்டிலேயே கூடிவிடுவதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. மேற்கை எலும்பின் தலை மூன்று நான்காக உடைந்திருந்தாலோ, விலகிய மூட்டு மாதக்கணக்கில் விலகியே கிடந்தாலோ கட்டு உதவாது. கிண்ணத்தின் விளிம்பு அதற்குள் அரைபட்டுப் போயிருக்கும். கணினி வழிகாட்டல் மிகவும் தேவைப்படுவது இப்படி வடிவம் குலைந்த கிண்ணங்களுக்குத்தான். அந்த நோயாளிகளிடமோ பணம் மிகக் குறைவு.

இந்தியாவில் 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளுக்கு விலை உச்சவரம்பு வந்தபோது அது முழங்காலுக்கு மட்டுமே பொருந்தியது. தோள் அதில் இல்லை. வழிகாட்டும் கருவியும் பெரும்பாலும் அதைச் செய்த நிறுவனத்தின் மூட்டுக்கு மட்டுமே ஒத்துழைக்கும் என்பதால், ஒன்றை வாங்கினால் மற்றதையும் வாங்கியாக வேண்டும். தவிர, கோணம் துல்லியமானால் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் மூட்டு உறுதியாக நிற்குமா என்பதற்கு நீண்டகாலச் சான்று இன்னும் சேரவில்லை. இந்தக் கேள்வி தீராமல் அரசு மருத்துவமனைகள் கோடிகளைச் செலவிடத் தயங்குவது நியாயமே.

இதற்கிடையே, அறுவைக்கு முன் சி.டி. உருவத்தில் திட்டமிடும் பாதி வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு, மறு பாதியை அனுபவக் கையால் செய்வோர் பலர். கோணலான கிண்ணத்தை முன்கூட்டியே முப்பரிமாணத்தில் பார்த்துவிட்டு இறங்குவதே பிழையைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சி.டி. கருவி இன்று மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இருக்கிறது.