பெட்டியடிப் பையன் முதல் பிளஸ் டூ பையன் வரை



எஞ்சினியரிங் படித்தவனுக்கும் ஆடிட்டர் படிப்புக்கும் என்ன சம்பந்தம், மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. நம் சீனியர்கள் வீட்டுப் பிள்ளைகள் பிளஸ் டூவுக்கு வந்துவிட்டார்கள். பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருவர், "என் பொண்ணு நேரா சி.ஏ. சேரணுங்கிறா. டிகிரி இல்லாம சேக்கலாமாப்பா?" என்று கேட்கிறார். இதென்ன புதுப் பழக்கம் என்கிற பயம் அந்தக் கேள்வியில் தெரிகிறது. புதுப் பழக்கமே இல்லை, மிகப் பழையது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம் செட்டிநாட்டிலிருந்தே தொடங்கலாம். பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நகரத்தார், சிறு வயதிலேயே பையன்களைக் கடைக்கு அனுப்பினார்கள். முதலில் பெட்டியடிப் பையன். கடையைப் பெருக்குவது, சிட்டை எழுதுவது, பெரியவர்கள் சொல்வதைச் செய்வது. அப்புறம் அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். கடல் கடந்து போனால் மூன்று ஆண்டு ஒரு தவணை. பேரேடும் ஐந்தொகையும் அவர்களுக்குக் கைவந்தது கடையில்தான், வகுப்பறையில் அல்ல. ஆனால் அந்தக் கதவு சொந்தபந்தம் உள்ளவர்களுக்கே திறந்தது. குப்பனும் சுப்பனும் உள்ளே போக முடியாது.

சீமையிலும் ஏறக்குறைய இதே கதைதான். எடின்பரோ கணக்கர் சங்கம் 1854-ல் அரச சாசனம் பெற்றது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கர்களுக்கு 1880-ல் கிடைத்தது. பள்ளிப் படிப்பை முடித்த பையன் ஒரு கணக்கரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு 5 ஆண்டு வேலை பழகுவான். இந்த ஒப்பந்தப் பத்திரத்துக்குத்தான் 'ஆர்ட்டிகிள்ஸ்' என்று பெயர். நம் பிள்ளைகள் இன்றும் சொல்லும் 'ஆர்ட்டிகிள்ஷிப்' அங்கிருந்து வந்தது. சம்பளம் வாங்குவது இருக்கட்டும், பையனின் அப்பா கணக்கருக்குக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது! இங்கே சொந்தம், அங்கே காசு.

இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்துக்குப் பிறகுதான் தணிக்கை ஒரு முறையான தொழிலானது. 1918-ல் பம்பாய் அரசு ஜி.டி.ஏ. என்ற கணக்கியல் டிப்ளமோவைத் தொடங்கியது. அதோடு மூன்று ஆண்டுப் பயிற்சியும் முடித்தவர் தணிக்கையாளர் ஆகலாம். 1932-ல் மத்திய அரசின் பதிவு முறை வந்தது. நம் சென்னையின் ஆர். சிவபோகம் அம்மையார் 1933-ல் ஜி.டி.ஏ. தேறி, நாட்டின் முதல் பெண் ஆடிட்டர் ஆனவர். விடுதலைப் போராட்டத்தில் வேலூர்ச் சிறையில் இருந்தவர். சிறை சென்றவருக்குப் பதிவு கிடையாது என்று விதி குறுக்கே நின்றது. அம்மையார் நீதிமன்றம் போய் வென்றார். பின்னாளில் தென்னிந்திய வட்டாரக் குழுவுக்கே தலைவரானார். தேர்வில் தேறியவரைக்கூடக் கதவுக்கு வெளியே நிறுத்திப் பார்த்த காலம் அது!

1949 ஜூலை 1-ல் நம் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்ஸ் இன்ஸ்டிடியூட் பிறந்தது. அப்போது உறுப்பினர்கள் சுமார் 1,700 பேர். இன்று 4 லட்சத்துக்கும் மேல். பட்டதாரி அல்லாதவர் உள்ளே வரும் வாசலுக்கு மட்டும் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. தொண்ணூறுகளில் 'ஃபவுண்டேஷன்'. 2001-ல் 'பி.இ.-1'. (நமக்குத் தெரிந்த பி.இ. வேறு!) 2006-ல் 'சி.பி.டி.' என்ற 200 மதிப்பெண் தேர்வு. சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும், தப்பானால் கால் மதிப்பெண் போய்விடும். இதில் வேடிக்கை என்னவென்றால், 2012-ல் நேரடிச் சேர்க்கை வரும்வரை பி.காம். முடித்தவரும் பிளஸ் டூ பையனோடு உட்கார்ந்து இதே பரீட்சையை எழுத வேண்டும். 2017-ல் மறுபடி 'ஃபவுண்டேஷன்' வந்தது, விரித்து எழுதும் தாள்களும் சேர்ந்தன.

நான் பிளஸ் டூ முடித்தது 2007-ல். தமிழ்நாட்டில் எஞ்சினியரிங் நுழைவுத் தேர்வு ரத்தான ஆண்டு அது. நாங்கள் மார்க்கை வைத்துக் கவுன்சலிங் போனோம். எங்கள் பள்ளி காமர்ஸ் குரூப்பில் இரண்டு பேர் சி.பி.டி. எழுதித் தேறினார்கள். அன்றைய விதிப்படி அது முடிந்ததுமே மூன்றரை ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப் தொடங்கிவிடலாம். நான் ஹாஸ்டலில் டிராயிங் ஷீட்டோடு மல்லுக்கட்டியபோது அவர்கள் மில்லிலும் பேங்கிலும் ஸ்டாக் எண்ணிக்கொண்டும் வவுச்சர் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். ஒருவன் அப்பா டீக்கடை வைத்திருந்தவர். சொந்தத்திலோ தெருவிலோ ஒரு ஆடிட்டர்கூடக் கிடையாது. அவன் இன்று சொந்தமாக போர்டு மாட்டியிருக்கிறான். பெட்டியடிக் காலத்திலும் சீமை முறையிலும் அவனுக்கு இடமே கிடைத்திருக்காது. சொந்தமும் காசும் பார்க்காத ஒரு பரீட்சைதான் அவனை உள்ளே விட்டது.

இன்னொருவன் அவனைவிடக் கெட்டிக்காரன். பயிற்சியை முடித்தான், ஃபைனலில் நாலு தடவை போய்விட்டது. வீட்டில் தங்கை கல்யாணம், வேலைக்குப் போயே ஆக வேண்டும். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "என்ன டிகிரி?" ஆறு வருஷ உழைப்புக்குப் பிறகும் அவன் கையில் இருந்தது பிளஸ் டூ சர்ட்டிபிகேட் மட்டும். அதற்கப்புறம்தான் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தான். நாம் அரியரோடு வெளியே வந்தாலும் பிறகு எழுதி பட்டத்தை வாங்கிவிட்டோம். அவனுக்கு அந்த வசதியும் இல்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில் இது. தாராளமாகச் சேருங்கள். பதினேழு வயதில் தொழில் பழகுவது நம் மண்ணுக்கும் புதிதல்ல, இந்தத் தொழிலுக்கும் புதிதல்ல. 2023-ல் வந்த புதிய திட்டப்படி இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் முடித்த பிறகே பயிற்சி, அதுவும் இரண்டே ஆண்டு. அப்பா காசு கட்டிய காலம் போய், ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து இவ்வளவுக்குக் குறையாமல் உதவித்தொகை தரவேண்டும் என்று விதியே இருக்கிறது. முழுக்க முடித்துவிட்டால் கவலையில்லை, 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு சி.ஏ.வை முதுகலைப் பட்டத்துக்கு இணையாக ஏற்றிருக்கிறது. நடுவில் நின்றவருக்குத்தான் பட்டம் எதுவும் இல்லை. அதனால் அஞ்சல் வழியிலாவது ஒரு பி.காம்.மை முதல் வருஷமே சேர்த்துவிடுங்கள். "சி.ஏ.வை முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நம் சங்கத்தில் எஞ்சினியர்கள் ஏராளம். ஆடிட்டர் ஆன உறவினர்களும் நம் வீடுகளில் இருப்பார்கள். அடுத்த சந்திப்புக்கு அவர்களையும் அழைத்து வந்தால், பிளஸ் டூ படிக்கும் நம் பிள்ளைகள் நேரிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நிர்வாகக் குழு மனது வைக்க வேண்டும்.