பிரித்துப் பூட்டிய எஞ்சின்

வங்காளத்து உத்தரபாடாத் தொழிற்சாலையிலிருந்து 1957-ஆம் ஆண்டு முதல் வெளிவரலான அம்பாஸடர் கார், ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டைத் தழுவிப் பிறந்ததாயினும், நம் டாக்ஸி ஸ்டாண்டுகளிலும் சர்க்கார் அலுவலக வாசல்களிலும் பல்லாண்டு நின்று நம்முடையதாகவே ஆகிவிட்ட காலத்தில், அதனை அண்டி வாழ்ந்த பட்டறைகளில் ஏட்டில் ஏறாத ஒரு சாஸ்திரம் வளர்ந்தது. எஞ்சினை இறக்கி, ரிங்கும் பேரிங்கும் மாற்றி, மறுபடி ஏற்றிப் பூட்டிய பின்பு வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால், காரணத்தைக் கண்டறியும் சாஸ்திரம் அது.

சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் 1910-ஆம் ஆண்டின் காடிலாக் வண்டிகளுக்கென அமைத்த பாட்டரி, காயில், பாயின்ட் என்னும் ஏற்பாட்டையே அம்பாஸடரும் சுவீகரித்திருந்தமையால், அதன் குறைகள் கண்ணுக்கும் விரலுக்கும் எட்டுவனவாக இருந்தன.

பட்டறைக்குள் ஓடி வந்த வண்டி ஆகையால், தம் கை கடைசியாகப் பட்ட இடத்திலேதான் பிழை இருக்கவேண்டும் என்று நல்ல மெக்கானிக் கொள்வார். எஞ்சின் ரப்பரின்மேல் அமர்ந்திருப்பது. பாடியோடு அதை இணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்தால், செல்ஃப் முனகும், வேறு வழியற்ற மின்சாரம் சோக் கம்பியில் பாய்ந்து அதைச் சுட வைக்கும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றாமல், கார்புரேட்டர் வழியே திருப்பி அடித்தால், சந்தேகம் டைமிங்கின்மேல் விழும். பிஸ்டன், காற்றை அழுத்திக்கொண்டு ஒருமுறையும், புகையைத் தள்ளிக்கொண்டு ஒருமுறையும் உச்சிக்கு வருகிறது. பின்னதை முன்னதாக எண்ணி டிஸ்ட்ரிபியூட்டரைப் பூட்டிவிட்டால், ரோட்டர் அரைச் சுற்றுத் தவறி நிற்கும். பெட்ரோலும் பொறியும் இருந்தும் பயனில்லை. அப்போது பெரியவர், முதல் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, துளையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "மெதுவாச் சுத்துடா தம்பி" என்பார். பையன் ஹேண்டிலைத் திருப்பத் திருப்ப, உள்ளிருந்து காற்று விரலை வெளியே தள்ளும் கணம் ஒன்று வரும். அதையடுத்துப் புல்லியின் குறி முள்ளோடு சேரும் இடமே மெய்யான உச்சி. ரோட்டர் அங்கே காட்டும் முனையில் முதல் ஒயரை மாட்டி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் 3, 4, 2 என்று மற்றவற்றை மாட்டினால் வண்டி உயிர்பெறும். கல்லூரியின் நிழலும் படாதவர் செய்த இக்காரியத்தைத் தர்க்கம் என்றே நான் மதிக்கிறேன்.

2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உத்தரபாடாவில் அம்பாஸடர் உற்பத்தி நின்றது. அந்த விரல்களுக்கு உரியவர்கள் சிலர் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அருகில் உள்ளவர்கள் அவர்களோடு அமர்ந்து, கேட்டு, எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.